முதல் தோட்டத்தை மட்டும் பார்த்த குவெரி

"லிஸ்ட்ல பேர் இல்லன்னா இல்லதான் லா. சிஸ்டம் பொய் சொல்லுமா?"

எங்கள் மேனேஜர் குணா இப்படிச் சொன்னபோது லெட்சுமி அக்கா என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் களைக்கு மருந்தடித்தவர். தோட்டத்தை விற்கிறார்கள், அங்கே பத்து வருடம் வேலை செய்தவர்களுக்கு வீடு என்று கம்பெனி சொல்லியிருந்தது. பட்டியலை எடுத்துக் கொடுத்தது சிரம்பான் ஆபிஸில் டேட்டாபேஸ் பார்க்கும் நான்.

"அக்கா, வேலை செஞ்சதுக்கு சூராட், லெட்டர் ஏதும் வச்சிருக்கீங்களா?"

"சூராட்டா? தெனம் காலைல பெரட்டுல பேர் கூப்பிட்டாங்களே, அது எங்கம்மா போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. பட்டியல் எடுக்க ஓட்டிய கட்டளையை, அந்தக் குவெரியை, உடனே திறந்தேன். எங்கள் டேபிளில் ஆளுக்கு ஒரு வரி. அவர் வேலை பார்த்த தோட்டங்களெல்லாம் அந்த வரியின் ஒரே கட்டத்துக்குள், ஜேசன் என்கிற அடுக்கு வடிவத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். சாஃப்ட்வேர் விற்ற வெண்டர் ஆள்களைச் சலித்தெடுக்க எழுதிய ஃபில்டர் அந்த அடுக்கில் முதல் தோட்டத்தை மட்டும் பார்த்தது. பத்து வருடம் தாண்டிய ஆம்பிளைகள் எல்லாரும் பிறந்த தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள், தப்பித்தார்கள். பெண்களுக்கு அப்படியா? லெட்சுமி அக்காவுக்கு முதலில் போர்டிக்சன் பக்கம் அப்பாவின் தோட்டம், கல்யாணமாகி வந்தபின் இது. இரண்டாவதை எவனும் எட்டிப் பார்க்கவில்லை. அதைப் படிக்காமலே ஓகே போட்டவள் நான். வெட்கக்கேடு!

அடுக்கைப் பிரித்து, தோட்டத்துக்கு ஒரு வரியாக்கி மறுபடி ஓட்டினேன். பதினேழு பேர் புதிதாக வந்தார்கள். பதினேழு பேரும் பெண்கள்.

குணா தலையில் கை வைத்தார். "ஐயோ, லிஸ்ட் கே.எல். ஹெட் ஆபிஸுக்குப் போயிருச்சு. இப்ப மாத்துனா நம்ம மானம் போயிடும்."

எனக்கு வந்ததே கோபம்! "போனா போகட்டும் சார். அவங்களுக்கு வீடே போகுது."

அவர் கண்ணெதிரே கே.எல்.லுக்கு மெயில் அனுப்பினேன். தப்பு என்னுடையது என்றே எழுதினேன். இரண்டு வாரம் இழுத்தடித்து, திருத்திய பட்டியலை ஏற்றார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டு, பெயர் எப்படி விட்டுப்போனது என்று விளக்கினேன்.

"அப்ப, கல்யாணம் கட்டி வந்ததுதான் நாங்க செஞ்ச தப்பாம்மா?"



இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, ஃபில்டர் எழுதினால் உள்ளே வந்தவர்களை அப்புறம் பாருங்கள். வெளியே விழுந்தவர்களின் பெயர்களை முதலில், ஒவ்வொன்றாக, வாய்விட்டுப் படியுங்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.