வெடைக்கோழிக்கு அம்மை கண்டபோது

கோழி வளர்ப்பவர்கள் எல்லாம் கோழி மேல் உயிரையே வைத்திருப்பார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் வளர்ப்பது முட்டைக்கும் குழம்புக்கும்தான். உடையார்பாளையம் பக்கம், முந்திரிக்கொல்லையை ஒட்டிய வீடு எங்களுடையது. சருகைக் கிளறியே கோழிகள் பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். பெரம்பலூரில் கட்டிக்கொடுத்த மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, ஒரு கருப்புக் குஞ்சின் மேல் கண் வைத்துவிட்டேன். முட்டைக்கு வருமுன் இருக்கிற வெடைக்கோழியில் சாறு வைத்துக் கொடுத்தால் பிள்ளை பெற்ற உடம்பு தேறும். பேறுகாலத்துக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

ஐந்தாம் மாதத்தில் கரு தங்காமல் போய்விட்டது. அரியலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். அவள் அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விசாரிக்க வந்தவர்கள், "வுடு பாப்பா, அடுத்தது தங்கும்" என்பார்கள். "சரிங்க" என்பாள். போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற என் வாய்க்கு, பெற்ற மகளிடம் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

பாதியில் போனாலும் உடம்புக்கு அது பேறுதான். சாறாவது வைத்துக் கொடுப்போம் என்று வெடையைப் பிடிக்கப் போனேன். அது கொல்லை மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கருப்புக் கருப்பாய்க் கொப்புளம். இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மை.

அம்மை கண்ட கோழியை எங்கள் வீட்டில் அறுப்பதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுவோம். கவிச்சி கூடாது, தாளிப்பும் கூடாது. தாளிக்காத ரசத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். "கோழிக்கு வந்த அம்மைக்கு எனக்கு எதுக்குடி பத்தியம்?"

"ஆத்தாகிட்ட போயி கேளுங்க" என்றேன்.

கால்நடை டாக்டருக்குப் போனில் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "இதுக்குன்னு மருந்து கிடையாதும்மா. தனியா கூடையில கவுத்து வைங்க. கண்ணு தெரியாம பட்டினியிலதான் சாவும். ஊட்டிவிட்டீங்கன்னா பொழைச்சுக்கும்."

வேப்பிலை, துளசி, மஞ்சள், பூண்டு எல்லாவற்றையும் அம்மியில் மைய அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துக் கொப்புளத்தில் தடவினேன். கொசுதான் மற்ற கோழிகளுக்கும் பரப்பும் என்பதால் சாயங்காலம் நொச்சித்தழை போட்டுப் புகை மூட்டினேன். இதெல்லாம் கைப்பழக்கம், வந்துவிடும். ஊட்டுவதுதான் வரவில்லை. எனக்கும் பொறுமைக்கும் வெகுதூரம். கோழியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு அலகைத் திறக்கப் பார்த்தேன், அது உதறியது.

"அப்படி அமுக்காதம்மா. மூச்சு முட்டும்."

பின்வாசலில் மகள் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளாக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் முறை. இறங்கி வந்து உட்கார்ந்தாள். கோழியை வாங்கி மடியில் போட்டு, முந்தானையால் மூடினாள். வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணைத் துடைத்தாள். கம்பு மாவில் சீரகப்பொடி சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, தண்ணீரில் தொட்டு, ஒன்றொன்றாக உள்ளே வைத்தாள். கோழி முழுங்கியது.

அன்றிலிருந்து அது அவள் வேலையாயிற்று. மருந்து போடுவதும் அவள்தான். ஆனால் தனக்கு வைத்த சோற்றை மட்டும் கிளறிவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு நாள் பொறுக்காமல் கத்திவிட்டேன். "கோழிக்கு ஊட்டத் தெரியுது, உன் வயித்துக்குப் போடத் தெரியலியாடி?" அவள் அப்பா என்னை முறைத்தார். "கோழி மிதிச்சு குஞ்சு சாவாது, நீங்க சும்மா இருங்க" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நான்தான் அழுதேன்.

ஊட்டும்போது அவள் தாழ்ந்த குரலில் பேசுவது அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்கும். "முழுங்கு தங்கம். நான் இருக்கேன்ல. வுட்டுட்டுப் போயிடாத." அதைக் கேட்டதும் எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. இந்தக் கோழி அவள் மடியிலேயே செத்துவிட்டால் என் பிள்ளை என்ன ஆவாள்? குழம்புக்கு வளர்த்த கோழிக்காக ஆத்தாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். அவரே விடியற்காலையில் எழுந்து, கவிழ்த்த கூடையைத் தூக்கி மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மெல்ல மெல்லப் பொருக்கு காய்ந்து உதிர்ந்தது. ஒரு காலையில் இடது கண் திறந்திருந்தது. இரண்டொரு நாளில் மற்றதும் திறந்தது. தரையில் கிடந்த கம்பைத் தானே பார்த்துக் கொத்தியது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

அம்மை இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாளியில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் வைத்துச் சூடேற்றினேன். கோழிக்குத் தலையோடு ஊற்ற முடியாது, குளிர் தாங்காது. உள்ளங்கையில் அள்ளித் தெளித்து, துணியால் ஒற்றி விட்டுவிட்டேன். அது சிறகை உதறிக்கொண்டு மற்ற கோழிகளோடு முந்திரிக்கொல்லைக்குள் ஓடியது.

வாளியில் தண்ணீர் அப்படியே இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை பெற்றவளுக்கும் வேப்பிலை மஞ்சள் போட்டுத்தான் தாய்வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். இவளுக்கு அதைச் செய்யவில்லை. கையில் குழந்தை இல்லாதவளுக்கு ஊற்றினால் அவள் மனசு நொறுங்கிவிடும் என்று நினைத்து, ஹீட்டர் தண்ணீரில் அவளே குளிக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"எனக்கும் ஊத்தும்மா" என்றாள். "எனக்கும் பொறந்துச்சுல்ல."

சொம்பால் மொண்டு உச்சியில் ஊற்றினேன். முதல் சொம்புக்கே வெடித்து அழுதாள், அப்படியொரு அழுகை. நானும் அழுதுகொண்டே ஊற்றினேன். வாளி காலியாகப் போகிறதே என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் அப்பா வேப்பிலை போட்ட இன்னொரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.