வெள்ளிக்கிழமை சாகாத வக்கீல்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் வெளிநாடு வந்து, கிளென்ஃபீல்ட் என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தோம். மகளுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலிஷில் பதில் சொல்லுவாள். "சாப்பிட்டியா?" என்றால் "யெஸ்." "பள்ளிக்கூடத்திலை என்ன படிப்பிச்சவை?" என்றால் "நத்திங்." பெற்ற பிள்ளையோடு கதைக்க வழியில்லாமல் போய்விடுமோ என்று பிள்ளையாரிடம் முறையிட்டேன்.

வழி ஒரு கெட்டவன் ரூபத்தில் வந்தது. நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள், விக்டோரியா மகாராணி காலத்துக் கதைப்புத்தகம் ஒன்று கிடைத்தது. தடித்த புத்தகம், முன்னட்டை இல்லை. அதில் ஒரு வக்கீல், ஒரு கையில் மட்டும் கறுப்புக் கையுறை. தாய் தகப்பன் இல்லாத பெட்டையின் வீட்டைப் பறிக்க, அவளுக்கு விசர், பைத்தியம் என்று ஊரெல்லாம் கதைகட்டி, மேல்மாடியில் பூட்டிவைப்பான். பேச்சில் தேன் ஒழுகும்.

நான் எட்டாம் வகுப்புவரைதான். பகலில் அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்து, பின்னேரம் விளக்கேற்றியபின் மகளுக்குத் தமிழில் சொல்லுவேன். ஹீட்டர் இருந்தது ஒரே அறையில்தான், சாமிப்படங்கள் வைத்த சாமித்தட்டும் அங்கேதான். வக்கீலுக்குக் குரலை இழுத்து, "பிள்ளை, உன்ரை நன்மைக்குத்தானே பூட்டுறன்" என்பேன். மூன்றாம் நாள் மகள் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினாள்.

"போடா கள்ளா! கதவைத் திற!"

தமிழ்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வக்கீல் சாகும் அத்தியாயம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சுண்ணாம்புச் சூளைக்குள் விழுந்து எரிந்துபோகிறான். வெள்ளியும் அதுவுமாக விளக்குக்கு முன் சாவைச் சொல்ல வாய் வரவில்லை. "தப்பி ஓடிட்டான்" என்றேன். நாளைக்குச் சாகட்டும் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை அவள் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கே வந்து, "அம்மா, அந்தக் கள்ளன் இப்ப எங்கை?" என்று தமிழில் கேட்டாள். பிறகு எப்படிக் கொல்லுவது? கப்பலேற்றினேன். தாடி வைத்துவிட்டேன். ஒரு மாதம் புளுகினேன். ஒவ்வொரு நாளும் விளக்கடியில் மன்னிப்பும் கேட்டேன்.

ஒருநாள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்தபடி வந்து நின்றாள். என்னைவிட அவளுக்கு இங்கிலிஷ் ஓடும்.

"ஹி இஸ் டெட், அம்மா. யூ மேட் இட் அப்."

"ஓம் பிள்ளை, பொய்தான். அவன் செத்தால் நீ என்னோடை தமிழிலை கதைக்கமாட்டாயெண்டு பயந்திட்டன்."

அவள் சாமித்தட்டைப் பார்த்தாள். அங்கே மயிலோடு முருகன். எதிர்த்து வந்த அசுரனையே முருகன் மயிலாக்கி வைத்துக்கொண்டார் என்று ஒவ்வொரு கந்தசஷ்டி விரதத்துக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

"அப்ப இவனையும் ஏதாவது ஆக்குவம்."

"என்னவா?"

"சீகல். அந்த வெள்ளைக் கடல்குருவி, எங்கட பள்ளிக்கூடத்திலை சாண்ட்விச் களவெடுக்கும். ஒரு கால் மட்டும் கறுப்பு."

"நீயே சொல்லு" என்று கீழே நிலத்தில் குந்திவிட்டேன். தமிழில் சொன்னாள். பிழை நிறைய. ஒன்றையும் நான் திருத்தவில்லை.

இன்றைக்கும் கடற்கரையில் சீகலைக் கண்டால் முதலில் காலைத்தான் பார்ப்பேன்.