வாசலுக்கு வந்த அமெரிக்கத் துப்பறிவாளன்

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு மணியை அடிப்பவர்கள் பார்சல்காரர்கள், இல்லாவிட்டால் வேதம் சொல்ல வருகிறவர்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நின்றவன் இரண்டிலும் சேர்த்தியில்லை. நல்ல கோட்டு, மினுங்கும் சப்பாத்து, வாய் நிறையப் பல். அமெரிக்காவிலிருந்து வந்த தனியார் துப்பறிவாளன் என்று அடையாள அட்டையைக் காட்டினான். அமெரிக்கத் துப்பறிவாளனுக்கு எங்கள் தெருவில் என்ன வேலை? இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை.

ஒரு படத்தை நீட்டினான். எங்கள் மேல் அறையில் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கும் தம்பியேதான். படத்தில் தலைமயிர் மட்டும் கொஞ்சம் கூடுதல். இந்த நாட்டு விசாவுக்காக அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போதும் தபாலில் அரசாங்கத்தின் பிரவுன் உறை வந்தால் என்னைத்தான் பிரிக்கச் சொல்லுவான். யாராவது அவனைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவனைவிட எனக்குத்தான் அதிகம்.

ஏன் தேடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இவருடைய தாய் தேடுகிறார். அவருக்கு உடம்பு சரியில்லை" என்றான்.

அங்கேதான் அகப்பட்டான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? அந்தத் தாய் ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் செத்துப்போனவர். வருடா வருடம் அவருடைய திவசத்துக்கு மரக்கறி சமைத்துப் படைப்பதே நான்தான். யாருக்குக் காது குத்துகிறான்? இப்படி ஒருவரையும் தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கையோடு தெருவில் நாலு வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் போன் போட்டேன். அவன் போன இடமெல்லாம் அதே பதில்தான் கிடைத்திருக்கும். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கு ஒரே பெருமை.

பின்னேரம் ஷிப்ட் முடிந்து தம்பி வந்தான். தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே கதையைச் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போனது.

"நல்ல வேலை செய்தனீங்கள் அக்கா. என்னத்துக்காம் தேடினவர்?"

"உம்மடை அம்மா தேடுறாவாம். செத்தவ எழும்பி வந்திட்டாவாக்கும்!"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்தான்.

"அம்மாவின்ரை உடம்பை நான் காணேல்லை அக்கா. முகாமிலை ஆரோ சொன்னதைத்தான் நம்பினனான்."

இத்தனை வருடம் திவசம் சமைத்தவள் இதை ஒருநாளாவது கேட்டிருக்கலாம். தெருவில் போகிறவன் வருகிறவனையெல்லாம் சந்தேகப்பட்டேன். அந்தச் சாவை மட்டும் சந்தேகப்படவில்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவன் மறுபடி ஜாக்கெட்டை மாட்டினான்.

"ரயில் ஸ்டேஷன் பக்கம் அந்த ஆள் நிக்கிறாரோ எண்டு பாத்திட்டு வாறன். நம்பர் ஏதும் தந்தவரோ?"

"தர வந்தவர். நான் வாங்கேல்லை."

"அம்மா எந்த ஊரிலை எண்டாவது சொன்னவரோ?"

"சொல்ல நான் விடேல்லை, தம்பி" என்றேன்.