பயிற்சி அக்கா

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'பயிற்சி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. எல்லைக்கு அந்தப் பக்கம் பதினெட்டு வருடம் குழந்தைகள் நலப் பிரிவில் சமூகப் பணியாளராகக் குப்பை கொட்டியவள். கணவருக்கு இந்தப் பக்கம் மாற்றலானதும் பட்டத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பி வந்தாள். ஒரு நாட்டுப் படிப்பை மற்ற நாடு ஏற்கும் என்று இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டிருந்தன. ஆனால் இங்கே வேலை பார்க்க அனுமதி தரும் பதிவுக் குழுவுக்குக் களப்பயிற்சி எத்தனை மணி நேரம் என்ற கணக்கு வேண்டும். அவள் படித்த கல்லூரியிலோ எத்தனை குடும்பங்களைப் பார்த்தாய் என்று மட்டும்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

எழுத்தர் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுல மணி எங்கம்மா இருக்கு?"

"நூத்திப் பன்னெண்டு குடும்பம் இருக்கு சார்."

"குடும்பம் எனக்கும்தான் இருக்கு. மணி வேணும்."

ஆக, முதலிலிருந்து ஒன்பது மாதப் பயிற்சி. முடிவில் மேற்பார்வையாளர் உடன் வர, இரண்டு வீட்டு ஆய்வு. முதலாவதில் தேறவில்லை, முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டிவிட்டாள். அவள் ஊரில் சொல்லிவிட்டுப் போனால்தான் தப்பு. இரண்டாவதிலும் கோட்டை விட்டால் மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

மேற்பார்வையாளருக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பெண். பேருந்தில் காதோடு சொன்னாள்:

"அக்கா, கேள்வியெல்லாம் நீங்க ஊதித் தள்ளிருவீங்க. கைய மட்டும் கட்டிப் போடுங்க. கேக்காம எதையும் தொடக் கூடாது."

"சரி மேடம்."

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. இளம் தாய், ஐந்து வயதுப் பெண், கைக்குழந்தை. சிறுமி வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்திருந்தது. படிவத்திலிருந்த பன்னிரண்டு கேள்விகளையும் பயிற்சி அக்கா பிசிறில்லாமல் கேட்டாள்.

"சாப்பாட்டுக்குக் குறையில்ல. காலைல சாப்பிட்டாச்சு, மத்தியானத்துக்கும் இருக்கு" என்றாள் தாய்.

சிறுமி அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. பசிக்கிற பிள்ளை அடுப்பைப் பார்க்கும். பார்த்து அலுத்த பிள்ளை பார்க்காது. பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாத்திரத்தைப் பார். பதினெட்டு வருடப் பழக்கம். கை போய் அடுப்பிலிருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டது.

உள்ளே ஒன்றுமில்லை. விரலை ஓட்டினாள். காய்ந்து கிடந்தது.

"யாரக் கேட்டுத் தொறந்தீங்க?" என்றாள் தாய்.

"பழக்கம்மா. தப்புதான்."

"இப்பத்தான் கழுவி வச்சேன்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

திரும்பும்போது மேற்பார்வையாளர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை.

"நான் பாக்கலன்னு விட்டுரலாம்க்கா."

"பாத்திரம் காலின்னு எழுதலேன்னா அந்தப் பொண்ணுக்கு உதவி வராதே?"

"வராது. அந்தப் பொண்ணே சாப்பிட்டாச்சுன்னு சொல்லிருச்சே. எழுதினா, எப்படித் தெரிஞ்சதுன்னும் எழுதணும்."

பயிற்சி அக்கா தனக்குள் ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். அழுகையோ கோபமோ எட்டிப் பார்க்கும் என்று நினைத்தாள். எதுவும் வரவில்லை. முன் இருக்கையின் உறையில் தையல் விட்டிருந்தது. அதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க மேடம்."

"மூணு வருசம்க்கா."

"தெரியும். எழுதுங்க."

மேற்பார்வையாளர் எழுதினாள்: 'பயிற்சிப் பணியாளர் அனுமதியின்றிப் பாத்திரத்தைத் திறந்தார். உணவு இல்லை.' கீழே பயிற்சி அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் கணவர் கதவைத் திறக்கும்போதே கேட்டார்:

"என்ன ஆச்சு? கெடைச்சிருச்சா?"

"அவங்களுக்குக் கெடைச்சிரும்."

"உனக்கு?"

"மாடில துணி காஞ்சிருச்சா பாருங்க" என்றாள்.