நடந்ததை மட்டும் பேசணும்

வித்யாலக்ஷ்மியின் வகுப்பில் புத்தகம் கிடையாது, கரும்பலகை கிடையாது. இந்தப் பெங்காலி ஊரில், லேக் கார்டன்ஸ் பக்கம், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் அவளுடைய ஹாலில் ஒரு ஜமக்காளம், ஆறு மாணவர்கள், ஒரே ஒரு சட்டம். நிஜமாக நடந்ததைத்தான் பேச வேண்டும். இலக்கணப் புத்தகத்தில் வரும் யாரோ ஒருவன் பள்ளிக்குப் போனான், வந்தான் என்று எழுதி எழுதிப் பிள்ளைகள் நாசமாய்ப் போனது போதும் என்பாள். நேற்று நீ எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய், அதை இங்கிலீஷில் சொல். யாராவது கொஞ்சம் சேர்த்து அளந்தால் உடனே கண்டுபிடித்து நிறுத்திவிடுவாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இதே ஊரில் சால்ட் லேக் பக்கம் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷம், போனில் பேசுகிறவர்களுக்கு இங்கிலீஷ் பழக்கினாள். போனில் மனிதர்கள் பேச வேண்டிய அவசியமே இல்லை என்று கம்பெனி ஒருநாள் முடிவு செய்தபோது வீட்டுக்கு வந்துவிட்டாள். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. மீன் வாசனையே ஆகாதவள், மார்க்கெட்டில் மீன்காரரை நிறுத்தி அவர் மகனுக்கு இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

நான் ஷியாமளா, வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வகுப்பில் எனக்கும் ஒரு உத்தியோகம் உண்டு. நான்தான் 'அந்நியர்'. பிள்ளைகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல உட்கார்ந்து, அவர்கள் சொல்வதற்கு மேல் கேள்வி கேட்க வேண்டும். "கேள்வி சின்னதா இருக்கணும்டி. என்ன கலர், எந்தப் பக்கம், கூட யாரு, அப்படி. பெரிசாக் கேட்டா மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சிடுவா" என்பாள் வித்யா. எனக்கு அது நன்றாகவே வந்தது. ஊர் வம்பு கேட்கிற புத்தி கடைசியில் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதில் எனக்குப் பெருமைகூட.

சஹானா பெஹாலாவிலிருந்து இரண்டு ஆட்டோ மாறி வருவாள். பத்தொன்பது வயது. அப்பா உத்தமன் ஈரோட்டுப் பக்கம். ஹவுராவில் ரயில்வே பார்சல் மூட்டை ஏற்றும் கான்ட்ராக்ட் வேலை. அம்மா அருக்காணி மூன்று வீடுகளில் சமைக்கிறாள். சஹானாவுக்குப் பெங்காலிதான் சரளம், தமிழ் பாதி, இங்கிலீஷ் கால்வாசி. ஆகஸ்ட் கடைசியில் உத்தமனுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவளுக்கு நிஜமாக நடந்தது என்று அது ஒன்றுதான் இருந்தது.

அந்த மனிதரின் வியாதியை நான் வாராவாரம் இங்கிலீஷில் கேட்டேன். முதலில், தண்ணீர்த் தொட்டியருகே விழுந்தது. பிறகு, ஸ்பூன் பிடிக்க முடியாதது. பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது. துர்கா பூஜைக்குள் தப்பில்லாமல் சொல்லிவிட்டாள். நான் "பேஷ்!" என்று கை தட்டினேன். எதற்குக் கை தட்டினேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆறு மாதத்துக்குள் தினமும் பயிற்சி கொடுத்தால் கை திரும்பலாம், அதற்கப்புறம் இருப்பதுதான் மிச்சம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் முறை வந்தது. ஜனவரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வரவேற்பில் உட்கார இங்கிலீஷ் பேசுகிற பெண் வேண்டும் என்றார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஊழியர்களின் பெற்றோருக்குப் பயிற்சி இலவசம். சஹானாவுக்கு அந்த வேலை கிடைத்தால் உத்தமனுக்குக் கை. அவ்வளவுதான் கணக்கு.

இன்டர்வியூ முடிந்த மாலையே ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்புடன் வந்துவிட்டாள்.

"மிஸ், அந்த மேடம் என் இங்கிலீஷ் ரொம்ப அழகா இருக்குன்னாங்க! ஒரு தப்பு விடலைங்க மிஸ்."

"என்ன கேட்டா?" என்றேன், வாயில் சந்தேஷுடன்.

"வீட்டுல யார் யார்னு கேட்டாங்க ஆன்ட்டி. உங்களை மாதிரியே சின்னச் சின்னதா கேட்டாங்க. அப்பாவை யார் பாத்துக்கறாங்க, அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க, பகல்ல அப்பாகூட இருக்கற பக்கத்து வீட்டு மாஷி வரலைன்னா என்ன பண்ணுவேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நிஜத்தைத்தான். மாஷி வராத அன்னிக்கு நான் வீட்டுல இருந்துடுவேன்னு."

வித்யா கையிலிருந்த சந்தேஷைத் தட்டில் திரும்ப வைத்தாள். சஹானாவுக்கு இன்னும் புரியவில்லை. அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள் என்று அந்த மேடம் கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாகச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் பத்து மணிக்குப் போனில் செய்தி வந்தது. வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம்.

நான் மாடி ஏறிப் போய்க் கத்தினேன். "உன் சட்டமும் நீயும்! வேலைக்குப் போற எடத்துல எவளாவது வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டுவாளா? ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?"

"நீதானேடி அஞ்சு மாசமா அவளைக் கேட்டுக் கேட்டுப் பழக்கினே" என்றாள் வித்யா. குரல் உயரவே இல்லை. நான் கீழே இறங்கி வந்து அழுதேன்.

இந்த ஊரில் சரஸ்வதி பூஜை ஜனவரி கடைசியில் வரும். அன்று எந்த மாணவனும் புத்தகத்தைத் தொடமாட்டான், எல்லாம் தேவியின் காலடியில் இருக்கும். வித்யாவின் வகுப்பில்தான் புத்தகமே கிடையாதே. மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு சஹானா மட்டும் வந்தாள். மறுவாரம் இன்னோர் ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. அங்கே மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் பெற்றோருக்கு வைத்தியம். டாக்டர் சொன்ன கெடுவுக்கு இருந்தது நாலு வாரம். மூவருக்கும் அது தெரியும். ஆனாலும் வீட்டில் சோறு வேக வேண்டுமே.

"இன்னிக்குச் சட்டம் கிடையாது" என்றாள் வித்யா. "வீட்டுல எல்லாரும் சௌக்கியம். அப்படிப் பேசு."

சஹானா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஆரம்பித்தாள். என் அப்பா ரயில்வேயில் வேலை செய்கிறார். என் அம்மா வீட்டிலேயே இருக்கிறார். தினமும் காலையில் அப்பா என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விடுவார். எங்கும் திக்கவில்லை.

"உன் பையை யார் தூக்கிக்கொண்டு வருவார்?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"அப்பாதான்."

"எந்தக் கையில்?"

வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சஹானா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வலது கையில்" என்றாள். "அவர் எதையும் வலது கையில்தான் தூக்குவார்."

தெருமுனைப் பந்தலில் மைக் அலறிக்கொண்டிருந்தது. சஹானா வித்யா பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"மிஸ், தப்பு ஏதாச்சும் இருக்குங்களா?"

"ஒரு தப்பும் இல்லைம்மா" என்றாள் வித்யா. "இன்னொரு தடவை சொல்லு."

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.