கடைசியாகப் பார்த்தது யார்?

அம்மா தையல்காரி. உலகத்தில் அவளுக்குப் பிடித்த ஒரே ஆண்பிள்ளை, ஒரு நாவல் தொடரில் வரும் துப்பறிவாளர்தான் என்று அப்பா கிண்டல் செய்வார். எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பதால் அந்த ஆளுக்கு அம்மா வைத்த பெயர் மூக்கர்.

மூக்கரைப் படிக்காத நாளும் இல்லை, திட்டாத நாளும் இல்லை. காரணம் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவருக்காகத் தைத்த சட்டைக்குப் பொத்தான் வாங்கிவர அம்மாதான் அவரைக் கடைக்கு அனுப்பினாள். போனவர் போனவர்தான். போலீஸ்காரர்கள் "தேடிக்கிட்டுதாம்மா இருக்கோம்" என்று சொல்லிச் சொல்லியே கேஸைக் கிடப்பில் போட்டார்கள். மூக்கர் எதையும் கிடப்பில் போடமாட்டார். அதனால் பிடிக்கும். ஆனால் எந்தப் புத்தகத்திலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாகப் பார்த்தது யார்?" அந்த இடம் வந்ததும் அம்மா ஆணியில் தொங்கும் பொத்தானில்லாத சட்டையை நிமிர்ந்து பார்ப்பாள். "எமகாதகன், என்னையேதான் கேக்குறான்" என்பாள்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அவள் படித்ததே இல்லை. காணாமல் போனவர்கள் அங்கேதான் பிணமாகக் கிடைப்பார்கள். புத்தகம் கைக்கு வந்ததும் அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்திவிடுவாள். வாடகைப் புத்தகக் கடைக்காரர் ஓட்டைகளைக் காட்டி என்மேல்தான் எரிந்து விழுவார்.

புதிதாக வந்த புத்தகத்தில் காணாமல் போனவன் ஒரு தம்பி. தேடுகிறவள் அக்கா. அம்மா சோறு தண்ணி மறந்து படித்தாள். குண்டூசி வரை வந்து நின்றுவிட்டாள். தையல் மெஷின் ஓடவே இல்லை. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டேன். தம்பி உயிரோட வந்துடறான். தைரியமா படி."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பேப்பரில் தலைப்பைத் தாண்டிப் படிக்காதவர். அப்படியும் அம்மா நம்பினாள். ஊசியை உருவிவிட்டுப் படித்தாள்.

முடித்ததும் அப்பா, "சொன்னேன்ல?" என்றார்.

"ஆமா. வந்துட்டான்."

மறுநாள் காலையில் மெஷின் ஓடியது. ஆணி காலியாக இருந்தது. மாமாவின் சட்டையைப் பிரித்து, அப்பாவின் அளவுக்கு மாற்றி, பொத்தானும் வைத்துவிட்டாள்.

"இதைப் போட்டுட்டு வேலைக்குப் போங்க."

அப்பா போட்டுக்கொண்டார். தம்பி வருவான் என்று நம்புகிறவள் அவன் சட்டையைப் பிரிக்கமாட்டாள் என்று அவருக்கு உறைத்துவிட்டது. புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "கடைசியில என்னன்னு படிம்மா."

படித்தேன். தம்பி தோட்டத்துக் கிணற்றில் கிடைக்கிறான். காணாமல் போன அன்றைக்கே செத்திருக்கிறான்.

அப்பா அம்மாவிடம் போய் நின்றார். "நான் பாக்கவே இல்ல. உன் மனசு ஆறட்டும்னு சும்மா சொன்னேன்."

"படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. விடுங்க" என்றாள் அம்மா. "அவனைக் கடைசியாப் பாத்தது அக்கா இல்ல, கொன்னவன்தான்னு மூக்கர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. எனக்கு அது போதும்னுதான் நினைச்சேன்."

மெஷின் நின்றது.

"ஆனா, அப்படின்னா எனக்கு அப்புறம் என் தம்பியை யாரோ பாத்திருக்காங்க."

பொத்தான் கடைக்குப் போகும் தெரு ஜன்னலில் தெரிந்தது. அம்மா அதில் போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.