ஆரோக்கியமேரி அக்காவின் காதில் ஓர் ஊசி

பட்டினப்பாக்கத்தில் ஆரோக்கியமேரி அக்காவின் மீன் வறுவல் வண்டிக்கு விளம்பரப் பலகை கிடையாது. அக்காதான் விளம்பரம். “ஃப்ரெஷ்ஷா?” என்று யாராவது இழுத்தால் போதும். சட்டியிலிருந்து ஒரு சங்கரா மீன் துண்டை எடுத்து, கேட்டவர் கண்ணெதிரே தின்று, “இன்னா, உயிரோட தான கீறேன்?” என்பார். சந்தேகமும் தீரும், துண்டும் தீரும். சந்தேகப்படுகிறவர்களுக்குச் சென்னையில் பஞ்சமா? அக்கா நூறு கிலோவைத் தாண்டினார்.

எடை அவருக்குக் கவலையில்லை, முட்டிதான் கவலை. வருஷா வருஷம் ஆகஸ்டில் பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வெறுங்காலோடு நடப்பவர், போன வருஷம் பாதி வழியில் ஆட்டோ பிடித்துவிட்டார். “மாதா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? இந்த வருசம் நடந்தே ஆவணும். நீ படிச்ச புள்ள, ஒரு வழி சொல்லு.”

அக்காவுக்குப் பக்கத்து வீடு நான், எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? பொங்கல் முடிந்ததும் மயிலாப்பூரில் அக்குபஞ்சர் டாக்டர் மதுவந்தியிடம் அழைத்துப்போனேன். அவர் அக்காவின் காது மடலில் கடுகளவு ஊசி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்.

“எடை கொறைஞ்சாதான் முட்டி வலி போகும். வாய் கேக்கறச்சே இதை அழுத்துங்கோ. ஆனா ஊசியே எல்லாம் பண்ணிடாது. வேளைக்கு, உக்காந்து, தட்டுல போட்டுண்டு சாப்பிடணும். நின்னுண்டே கொறிக்கப்படாது.”

மறுநாளே வினை வந்தது. “ஃப்ரெஷ்ஷா?” என்றதற்கு அக்கா மீனைத் தொடாமல் காதை அழுத்தினார்.

“இன்னாக்கா, நீ துன்னல?” என்றார் பழைய வாடிக்கைக்காரர் ஜீஷான்.

“டாக்டரம்மா துன்னக் கூடாதுன்னுட்டாங்க நைனா.”

ஜீஷான் மீனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “டாக்டரே வாணாம்ன மீன எனக்கு விக்கிறியா?” என்று பக்கத்து வண்டிக்கு நகர்ந்தார்.

அவர் பின்னால் ஊரே நகர்ந்தது. நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் அக்கா ஒரு துண்டை எடுத்தேவிட்டார். “அக்கா, மாதா!” என்று கத்தினேன். வாயருகே போன கை அப்படியே நின்றது. பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார் அவர் கணவர் செம்பியன், ஊதினால் பறக்கிற உடம்பு.

“யோவ், வாயத் தொற.”

திறந்தார். மென்றார். “பாரு சார், உயிரோட கீறாரு!” என்று அக்கா கூவ, வியாபாரம் மீண்டது.

செம்பியன் அண்ணன் அந்த உத்தியோகத்தில் காட்டிய அக்கறை இருக்கிறதே! பேசாமல் தின்றுகொண்டிருப்பவரையும் விடமாட்டார். “டவுட்டு ஏதாச்சும் கீதா சார்?”

கொடியேற்ற நாள். காவிப் புடவையில், இளைத்த அக்கா முன்னால் விறுவிறுவென்று நடக்க, பின்னால் நானும் புதுத்தொந்தியோடு அண்ணனும். அடையாறு பாலத்தில் அண்ணன் பொத்தென்று உட்கார்ந்தார்.

“மேரி, ஒரு ஆட்டோ புடியேன்.”

அக்கா திரும்பி வந்து அவர் காதைப் பிடித்தார். “நாளைக்கு டாக்டரம்மாவாண்ட போறோம்.”

“ஊசியா?”

“ஊசிதான். இப்ப நட.”

மாதா கோயிலில் கொடி ஏறும்போதும் அந்தக் காது அக்காவின் கையில்தான் இருந்தது.